ஆறாவது பாட்டு

ஜனவரி 9

அக்கா பேருக்கு வந்த பார்சலை நான் எதுக்குப் பிரிச்சேன்னு அவகிட்ட அரை மணி நேரம் கத்தினியாமே. பிரிச்சவன் நான், திட்டு வாங்கறவ அவளா? என்கிட்டயே கத்தியிருக்கலாம். ஆனா உங்கம்மா போனதுலேர்ந்து ஒன்றரை வருஷமா நீ என் போனை எடுக்கறதில்ல. அதான் பேனாவை எடுத்தேன். தபால்காரரை நீ கட் பண்ண முடியாது பாரு.

கோவத்துல முறையை விட்டுட்டேன். அன்புள்ள மகனுக்கு அப்பாவோட ஆசீர்வாதம். நான் சுகம். முட்டி மட்டும் படி ஏறும்போது தேஞ்ச கிளட்ச் மாதிரி முனகுது. நீ சுகமா? உன் தொண்டை சுகமா? அதைத்தான் முக்கியமாக் கேக்கணும், ஏன்னா பார்சலுக்குள்ள இருந்ததைப் போட்டுக் கேட்டுட்டேன்.

அட்டையில உங்க பேண்ட் பேரு. அது எழுத்தா, முள்வேலியா? உங்கக்கா கண்ணாடி போட்டுப் பார்த்தா. மாப்பிள்ளை தலைகீழாத் திருப்பிப் பார்த்தாரு. எட்டாங்கிளாஸைத் தாண்டாத எனக்குத்தான் படிக்க வரலைன்னு நினைச்சா, பட்டம் வாங்கினவங்களும் அதே முழிதான் முழிக்கறாங்க. கீழே சின்னதா 'துரு'ன்னு ஆல்பத்தோட பேரு. அதை மட்டும் படிக்க முடிஞ்சுது. முப்பத்தி நாலு வருஷம் பஸ் டிப்போவுல இஞ்சின் பிரிச்சவனோட பையன் துருன்னு பேரு வெக்கறான். என்னைத்தானே சொல்றே?

முதல் பாட்டுல நீ வாயைத் திறந்ததும் மாப்பிள்ளை ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிட்டாரு. ஏதோ ஷார்ட் ஆயிடுச்சுன்னு பயந்துட்டாரு. பகல் பூரா கம்ப்ளெயின்ட் ஆபீஸ்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'உங்கள் பொறுமைக்கு நன்றி'ன்னு தேனா ஒழுகறவன் நீ. அந்த வாயா இது? உனக்குப் போன் பண்றவங்க இதை ஒரு தடவை கேட்டா, அப்புறம் ரிப்பேரே இல்லைன்னு சொல்லிடுவாங்க.

சிடியை அக்காகிட்டக் குடுத்துட்டேன். குடுத்துட்டு மறுபடியும் வாங்கிட்டேன்.

இப்படிக்கு உன் அப்பா. மறந்திருந்தா ஞாபகப்படுத்தறேன், அவ்வளவுதான்.


ஜனவரி 27

அப்பாவுக்கு,

நலம். தொண்டையும் நலம். முட்டிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா? செய்ய மாட்டீர்கள்.

அந்த சிடியை நான் உங்களுக்கு அனுப்பவில்லை. நீங்கள் பிரிப்பீர்கள் என்று தோன்றியிருந்தால் அக்காவின் அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பேன். நான்கு பேர் இரண்டு வருடம், வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறையை ஒரு டயர் குடோனில் பூட்டிக்கொண்டு செய்த வேலை அது. கேலி செய்வதற்கு உங்களுக்கு வேறு ஆயிரம் இருக்கின்றன. இதை விட்டுவிடுங்கள்.

போனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பேசினால் எது நிஜம், எது விளையாட்டு என்று என்னால் பிரிக்க முடிவதில்லை. பிரிக்க முடியாமல் போனதால் என்ன ஆயிற்று என்று நம் இருவருக்கும் தெரியும். எழுதுவதானால் எழுதுங்கள். காகிதத்திலாவது உங்கள் சிரிப்பு எனக்குக் கேட்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


பிப்ரவரி 4

என் அருமை மகனுக்கு, சிரிக்காம எழுதற அப்பா. சுகம். பயிற்சி செய்யறேன். நம்பாதே, செய்யல.

விட்டுடுங்கன்னு எழுதினே. விடல. மாப்பிள்ளை ஆபீஸ் கிளம்பற வரைக்கும் காத்திருந்து தினமும் போடறேன். முதல் நாலு நாள் சத்தம்தான் கேட்டுச்சு. அஞ்சாவது நாள் உள்ளே இருக்கறது தெரிய ஆரம்பிச்சுது. புது இஞ்சினும் அப்படித்தான், மூடியைத் திறந்ததும் எல்லாம் ஒரே எண்ணெயாத் தெரியும், பார்த்துக்கிட்டே இருந்தா எது எதைத் தள்ளுதுன்னு பிடிபடும்.

ரெண்டாவது பாட்டை விரல் விட்டு எண்ணினேன். நாலு நாலா வரும்னு பார்த்தா வரல. பதினொண்ணு எண்ணிட்டு மறுபடி ஒண்ணுக்கு வர்றாங்க. எவன்டா பதினொண்ணு வரைக்கும் எண்ணி ஆடுவான்னு எரிச்சலா வந்துச்சு. அப்புறம் பல் தேய்க்கும்போது பதினொண்ணா தேய்ச்சுக்கிட்டிருக்கேன். என் வாய்க்குள்ள புகுந்துட்டீங்க.

மூணாவது பாட்டு. அதுல ரெண்டு கிட்டாரும் ஒரே ஓட்டமா ஓடுது, ஆனா ஒண்ணு ரெண்டு படி மேல, ஒண்ணு கீழ, கைகோத்துக்கிட்டு. ஒரு இடத்துல மேலே இருக்கறது கீழே வந்துடுது, கீழே இருந்தது மேலே போயிடுது, ரெண்டும் ஒண்ணையொண்ணு இடிக்கல. அவ்வளவு வேகத்துல. இவ்வளவு அழகான ராகத்தைப் போட்டுட்டு அது மேல எதுக்குடா நீ கொட்டாவி விடற கரடி மாதிரி கத்தறே? யாரு அந்த மேல் கிட்டார்? சிடி டப்பாவுல இருந்த சின்னப் புஸ்தகத்துல உங்க யாரு பேரையும் படிக்க முடியல, எல்லாம் அதே முள்வேலி.

நாலாவது பாட்டுல ஒரு ரிப்பேர் இருக்கு. டிரம்ஸ்காரன் ரெண்டு காலாலயும் அடிக்கறான்ல, நிக்கற பஸ்ல டீசல் இஞ்சின் ஐடிலிங்ல ஓடற மாதிரி கடகடன்னு. அதுல இடது கால் வலது காலை விட ஒரு மயிரிழை லேட். எல்லா இடத்துலயும் இல்ல, நாலாவது பாட்டுல மட்டும். அவன்கிட்டக் கேளு. நான் சொன்னது தப்புன்னா என் காதை அறுத்து உனக்குப் பார்சல் பண்றேன். அக்கா பேருக்கு.

இப்படிக்கு, அந்த டிரம்ஸ்காரனோட முட்டிக்காகவும் கவலைப்படற அப்பா.


மார்ச் 2

அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை மற்றவர்களிடம் படித்துக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். டிரம்ஸ் வாசிப்பவனிடம் இடது காலைப் பற்றி மட்டும் கேட்டேன். அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் கூரியர் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். அந்தப் பாட்டைப் பதிவு செய்வதற்கு முந்தைய வாரம் ஒரு பெட்டி இடது முழங்காலில் விழுந்து தசைநார் கிழிந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. கட்டுப் போட்டு, அதன்மேல் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வாசித்திருக்கிறான். ஒலிப்பதிவு செய்தவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒரு பஸ் மெக்கானிக்குக்குக் கேட்டிருக்கிறது என்றேன். முழுக் கடிதத்தையும் பிடுங்கிப் படித்துவிட்டார்கள். கொட்டாவி விடும் கரடி என்றுதான் இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். மிகவும் நன்றி.

மேல் கிட்டார் வாசிப்பது ஒரு பெண். பல் மருத்துவமனையில் உதவியாளர். நோயாளிகளின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும்போது மனதுக்குள் விரல் பழகுவாளாம். கம்பிக்குக் கீழே கட்டைகளே இல்லாத பேஸ் கிட்டாரை வாசிப்பவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பதினொன்று அவனுடைய வேலை.

எல்லாப் பாட்டையும் கேட்டுவிட்டீர்களா? மொத்தம் எட்டு இருக்கின்றன.


மார்ச் 10

மகனுக்கும், பல்டாக்டருக்கும், பதினொண்ணு வாத்தியாருக்கும், நொண்டிக்காலனுக்கும் அப்பா எழுதறது. எல்லாரும் சுகமா? நொண்டிக்காலன் கால்ல வெந்நீர் ஒத்தடம் குடுக்கறானா? படிக்கறவங்க எல்லாரும் படிச்சுக்கோங்க, எனக்கு ஒளிவு மறைவு கிடையாது.

அஞ்சாவது பாட்டுல வாத்தியார் பண்ற வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. எல்லாரும் ஓடும்போது அவன் மட்டும் ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டுப் போறான், எண்ணெய்த் தரையில நடக்கற மாதிரி, ஆனா விழல. ஏழாவதுல மத்த எல்லாப் பாட்டையும் விட வேகம், இருந்தாலும் ராகம் சிதறல. எட்டாவது பாட்டு முடியும்போது சட்டுன்னு நிறுத்திட்டீங்க. நான் மெஷின் கெட்டுப்போச்சுன்னு தட்டினேன்.

எனக்கு அந்த முள்வேலி பனியன் ஒண்ணு வேணும். பென்ஷன் ஆபீஸுக்குப் போட்டுக்கிட்டுப் போகணும். அந்த கிளார்க் நான் உயிரோட இருக்கேனான்னு வருஷா வருஷம் கேக்கறாரு. பனியனைப் பார்த்து அவரே முடிவு பண்ணிக்கட்டும்.

இப்பக் கோவமான விஷயம். கடையில ஒரு மியூசிக் பத்திரிகை, அதுல உங்க ஆல்பத்தைப் பத்தி ஒருத்தன் எழுதியிருக்கான். ராகம் ஜாஸ்தியாம், டெத் மெட்டல்ங்கற இந்தக் கத்தல் பாட்டுல ராகம் போடறது கசப்பு மருந்துல சர்க்கரை போடற மாதிரியாம். எண்ணிக்கை ஜாஸ்தியாம், கணக்குப் பரீட்சையாம். படிச்சதும் எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. ராகத்தையும் கோவத்தையும் ஒரே வண்டியில பூட்டி ஓட்டறது எவ்வளவு கஷ்டம்னு இவனுக்குத் தெரியுமா? கோவம் மட்டும் வேணும்னா எந்த பஸ் ஸ்டாண்டுலயும் ஓசியில கேக்கலாமே. கோவத்துலயும் கை நடுங்காம இருக்கறான் பாரு, அவன்தான் தொழில்காரன். இதையெல்லாம் பாட்டுப் பாட்டா எழுதி அந்தப் பத்திரிகைக்குப் போஸ்ட் பண்ணிட்டேன். எழுத்துப் பிழையை உங்கக்கா திருத்தினா. கெட்ட வார்த்தையை மட்டும் நான் திருத்த விடல.

இப்படிக்கு, உங்களுக்காக ஊரோட சண்டை போடற அப்பா.


மார்ச் 30

அப்பாவுக்கு,

என்னைக் கேட்காமல் ஏன் எழுதினீர்கள்?

முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். 'ஒரு தந்தையின் சாபம்' என்று தலைப்பு. அலுவலகத்தில் யாரோ நகல் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, அப்பா மிகவும் தமாஷான மனிதர் போலிருக்கிறதே என்றார். அதே வார்த்தையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். உங்கள் தமாஷுக்கு நடுவில்தான் எங்கள் வீட்டில் எல்லாமே நடந்தது. பல்டாக்டர் உங்கள் கடிதத்தைக் கிட்டார் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். அவளுக்கு உங்களைத் தெரியாது.

அது இருக்கட்டும். நானும் அந்த விமர்சனத்தைப் படித்தேன். அவர் எழுதியதில் பாதியைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். சர்க்கரை, கணக்கு எல்லாம் சொன்ன பிறகு கடைசிப் பத்தியில் அவர் எழுதியது: 'ஆறாவது பாட்டுக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.' நீங்கள் பத்திரிகைக்குப் பாட்டுப் பாட்டாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு ஏழு, எட்டு. எனக்கு எழுதியதிலும் அப்படித்தான்.

ஆறு எங்கே அப்பா?


ஏப்ரல் 5

அன்புள்ள மகனுக்கு, சுகம். சளி கொஞ்சம் இருக்கு. இருமினா உன் பாட்டு மாதிரியே வருது, மாப்பிள்ளை பாராட்டினாரு.

ஆறா? சிடியில அந்த இடத்துல கீறல். அஞ்சு முடிஞ்சதும் கர் கர்ருன்னு ஒரு நிமிஷம் நின்னுட்டு ஏழுக்குத் தாவிடுது. நான் என்ன செய்ய? நீ அனுப்பும்போது பஞ்சு சுத்தி அனுப்பியிருக்கணும்.

பனியன் வரலையே?

அப்பா.


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

இத்துடன் கீறல் இல்லாத சிடி ஒன்று. பனியனும் இருக்கிறது, பல்டாக்டர் வாங்கித் தந்தது. நான் உறுமுவது புரியவில்லை என்று சொல்லிவிடாதபடி ஆறாவது பாட்டின் முதல் வரிகளைக் கையால் எழுதியிருக்கிறேன். பாட்டின் பெயர் 'ஒரே மணி'.

சாவைச் சிரித்துக்கொண்டே சொன்ன வாயே,
ஒருமுறைதான் ஒலித்தாய்.
மறுமுறைக்கு ஏன் ஊமையானாய்?

கேட்டுவிட்டு எழுதுங்கள். சளிக்கு ஆவி பிடியுங்கள்.


ஜூலை 18

கேட்டேன்.

மூணு மாசமா இந்தத் தாளை எடுக்கறதும் கிழிக்கறதுமா இருந்தேன். சுகமான்னு கேக்கற மனநிலையில இல்ல. ஆறாவது பாட்டை ஜனவரியிலயே கேட்டுட்டேன். கீறலும் இல்ல கிழிசலும் இல்ல. உனக்குத் தெரியும்.

பெத்தவனைப் பாட்டுல போட்டுச் சந்தியில நிறுத்திட்டே. அம்மா செத்ததை அப்பன் கிண்டலாச் சொன்னான்னு கடையில விக்கறே. ஆமா, சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு உனக்குப் போன் போட்டு, 'உங்கம்மா மேல போறதுக்கு டிக்கெட் எடுத்துட்டா, ஜன்னலோர சீட்டு கேக்கறா, வழியனுப்ப வர்றியா'ன்னுதான் சொன்னேன். இந்த வார்த்தைதான். ஒண்ணைக்கூட மாத்தல. டாக்டர் அப்பத்தான் கையை விரிச்சுட்டுப் போனாரு. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எழுபது வருஷமா ஒரே கியர்ல ஓடின வாய்டா இது. கல்யாணத்துக்கும் இதுதான், சாவுக்கும் இதுதான்.

நீ ஏன் நம்பலைன்னும் எனக்குத் தெரியும். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, அம்மா படியில விழுந்துட்டா, உடனே வான்னு போன் பண்ணினேன். அன்னிக்குத்தான் உங்களுக்கு முதல் மேடை. நீ பாதியில கிட்டாரை இறக்கி வெச்சுட்டு எட்டு மணி நேரம் பஸ்ல வந்தே. அவ மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தா. வரவே மாட்டேன்னியே, வந்துட்டே பாருன்னு நான் கை தட்டினேன். அவ ஒரு வாரம் என்னோட பேசல. உங்க பேண்டை அந்த மேடைக்காரங்க அப்புறம் கூப்பிடவே இல்ல. இனிமே நீங்க என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன்னு அன்னிக்கு வாசல்லயே சொல்லிட்டுப் போனே. சொன்னபடி செஞ்சே. வராந்தாவுல நான் பேசி முடிக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டே.

நீ வந்து சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சு, வாடகை நாற்காலியை அடுக்கிக்கிட்டிருந்தாங்க.

இதை நான் இன்னும் கோவமா எழுதணும்னுதான் உக்காந்தேன். ஆனா அந்தப் பாட்டு நல்லா இருக்குடா. அதான் எனக்கு ஆத்திரம். சுமாரா இருந்திருந்தா உன்னைக் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பேன். முதல்ல ஒரே ஒரு கிட்டார், ஒரே சுரம், விட்டு விட்டு. அப்புறம் நொண்டிக்காலன் உள்ள வர்றான், அவசரமே இல்லாம. உன் கத்தல் அடங்கினதும் வாத்தியார் மட்டும் தனியா வழுக்கிக்கிட்டுப் போறான். அதுக்கப்புறம் பல்டாக்டர் ஒரு கம்பியைப் பிடிச்சு இழுக்கறா பாரு, அந்தச் சுரம் இப்ப வந்து சேரும், இப்ப வந்து சேரும்னு நானும் கூடவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வந்து சேர்ற எடத்துக்கு ஒரு நூல் கீழேயே நிறுத்திட்டா. வேணும்னுதான் நிறுத்தியிருக்கா. கை தவறினவ இல்ல அவ. கடைசியில நீ கரடிக்குரலை விட்டுட்டு உன் சொந்தக் குரல்ல ஒரு வரி பாடறே. அது உடையுது. அதைத் திருத்தாம விட்டிருக்கீங்க. எந்தக் கம்பெனி மெக்கானிக்கும் அதைத் திருத்தித்தான் வெளிய விட்டிருப்பான். நீங்க விட்டீங்க. சரியாத்தான் விட்டீங்க.

ஆறு நிமிஷம் இருபது செகண்டு. ஆல்பத்துலயே அதுதான் உசத்தி. அந்தப் பத்திரிகைக்காரன் சொன்னதுல அது ஒண்ணுதான் உண்மை, அதனாலதான் அவன்மேல எனக்கு அவ்வளவு கோவம்.

இனிமே எழுத ஒண்ணும் இல்ல.

அப்பா.


ஆகஸ்ட் 1

அப்பாவுக்கு,

நலமா என்று நானும் கேட்கப் போவதில்லை.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பாட்டின் முதல் வரியை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். இரண்டாவது வரி நடந்ததுதான். மூன்றாவது வரியைத் தொடவே இல்லை.

நான் கட் செய்தது மத்தியானம் இரண்டேகால் மணிக்கு. அம்மா போனது மறுநாள் காலை ஏழு மணிக்கு. நடுவில் கிட்டத்தட்டப் பதினேழு மணி நேரம். பயணம் எட்டு மணி நேரம்தான். நான் நம்பவில்லை, அது என் தப்பு, அதைச் சாகும்வரை சுமப்பேன். ஆனால் நான் நம்பவில்லை என்று உங்களுக்குத் தெரியும். இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால் பயந்திருப்பேன். அக்காவை விட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அவளிடம் 'தம்பி கிளம்பிவிட்டான்' என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் அதை நம்பிக்கொண்டு மறுநாள் காலையில்தான் எனக்குப் போன் செய்தாள், எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பதற்காக.

ஏன் மறுபடி கூப்பிடவில்லை? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம். பாட்டு நன்றாக இருக்கிறது என்றும் எழுத வேண்டாம்.


செப்டம்பர் 7, பகல் பதினொரு மணி

எதிர் நாற்காலியில உக்காந்திருக்கற மகனுக்கு அப்பா எழுதறது. நீ சுகமான்னு கேக்க வேண்டியதில்ல, கண்ணாலயே பார்க்கறேன், இளைச்சிருக்கே. என்னை நீயே பார்த்துக்கோ.

பதில் வரலைன்னு சொல்லாம கொள்ளாமக் கிளம்பி வந்துட்டே. பையைக்கூடக் கீழே வெக்காம, வாயால சொல்லுங்கங்கறே. முடியாது. எழுதச் சொன்னவன் நீதான். வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கே தெரியாது. உங்கக்காவும் மாப்பிள்ளையும் கடைக்குப் போயிருக்காங்க, நல்லதாப் போச்சு. தாள் தாளாத் தர்றேன். படி.

போன்ல சார்ஜ் இல்லைன்னு உங்கக்காகிட்ட அப்புறமாச் சொன்னேன். பொய். நர்ஸ் உள்ள கூப்பிட்டுட்டாங்கன்னு மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன். அதுவும் பொய். நீ எங்கயோ மேடையில இருப்பே, தொந்தரவு பண்ண வேணாம்னு நினைச்சேன்னு எனக்கு நானே கொஞ்ச நாள் சொல்லிக்கிட்டேன். அது பொய்யிலயும் கேடுகெட்ட பொய். முதல் தாள் முடிஞ்சுது. இந்தா.

கோவம்டா. அவ்வளவுதான். அப்பன் பேசிக்கிட்டிருக்கும்போது பட்டுன்னு வெச்சுட்டான். வராந்தாவுல அந்த செத்த போனைக் காதுல வெச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துல ஒரு ஆள் என்னைப் பார்த்தான். அவன் பார்த்தது எனக்கு அவமானமா இருந்துச்சு. சரி, படட்டும்னு நினைச்சேன். நாளைக்குத் தெரிஞ்சு தலையில அடிச்சுக்கிட்டு ஓடி வரட்டும், அப்பக் கேக்கறேன் இவனைன்னு நினைச்சேன். அவ பொழைச்சுக்குவா, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்னு நான் சொல்ல மாட்டேன். டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிடல. உனக்கு வலிக்கணும்னு கூப்பிடல. பதினேழு மணி நேரமும் போன் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

சாயங்காலம் அவ கண்ணைத் திறந்து, பையன் வர்றானான்னு கேட்டா. பஸ் ஏறிட்டான்னேன். 'இதையாவது விளையாடாம சொல்லுங்க'ன்னா. நிஜமாவே ஏறிட்டான், ஜன்னலோர சீட்டுன்னேன். அவ முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. நம்பித் திரும்பினாளா, நம்பாமத் திரும்பினாளான்னு எனக்குத் தெரியாது. அப்பவாவது வெளிய வந்து உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். அப்ப மணி ஆறு. வந்து சேர்ந்திருப்பே. வெளிய வந்தேன். போனைக் கையில எடுத்தேன். நீ எடுத்து மறுபடியும் கட் பண்ணினா என்ன பண்றதுன்னு பையில போட்டுட்டேன்.

இது ரெண்டாவது தாள். இந்தா.

படிக்கறே. நான் மூணாவதை எழுதறேன். நீ நிமிர்ந்து பார்ப்பேன்னு பார்க்கறேன், பார்க்க மாட்டேங்கறே. தாளை நாலா மடிச்சு மேஜை மேல வெச்சுட்டே. மூணாவதுக்குக் கை நீட்டல. எந்திரிக்காதே, நான் இன்னும் முடிக்கல. நீ பாட்டுல என்னைத் திட்டினது பத்தலைன்னு சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சிரிச்ச வாயோட நிறுத்திட்டே. அதுக்கு உள்ள இருந்தது உனக்குத் தெரியல, இப்பத் தெரிஞ்சுடுச்சு. இன்னொரு பாட்டு போடு. பதினொண்ணோ பதிமூணோ போட்டு நாலு பேருமாச் சேர்ந்து அடிங்க. நான் ஒரு வார்த்தை கேலி பண்ணாமக் கேக்கறேன், எங்கயாவது ஒரு கால் லேட் ஆனாக்கூடச் சொல்ல மாட்டேன்.

செருப்பு மாட்டிட்டே. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. உக்காருடா, ரெண்டே வரிதான். படியில இறங்கறது கேக்குது. ஜன்னலைத் திறந்து கூப்பிட்டா இப்பவும் திரும்பிப் பார்ப்பே. தெருமுனை வரைக்கும் நேரம் இருக்கு. பேனாவை வெச்சுட்டு எந்திரிக்கணும், அவ்வளவுதான், ஆனா கூப்பிட்டா என் வாயில என்ன